ரொனால்டுக்கு நாற்பத்தொரு காவல் தூதர்கள்

நாற்பத்தொரு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கையை விட்டார்கள். ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். நாற்பத்தொன்றிலும் ஒரே பெயர் வந்தது. ஆதாம் ஏவாள் காலந்தொட்டு இந்தப் பூமியில் நடந்த குலுக்கல்களையெல்லாம் ஒரே மைதானத்தில் கொண்டுவந்து கொட்டினாலும் இதற்கு இணையாக ஒன்று தேறாது. அதை நடத்திய பெருமை எனக்கு.

நம்ப மாட்டீர்கள். தெரியும். நான் எது சொன்னாலும் என் மனைவி கிளாரா முதலில் பாதியைத் தள்ளுவாள், மீதியில் பாதியைக் கழிப்பாள், மிஞ்சியதை அடுத்த வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் நம்புவாள். ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு சுழிகூடக் கூடுதலாகப் போடவில்லை. போட்ட இடங்கள் உங்களுக்கே தெரியும்.

என் பெயர் பாக்கியராஜ். திண்டுக்கல்லில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் கிளாரா வைத்த சாம்பாருக்கு ஒரு மெமோ கொடுத்தேன். நான்காம் நாள் அவள் நேராகக் கல்லூரிக்குப் போய், மாணவர் ஆன்மிகப் பணியைப் பார்த்துக்கொள்ளும் ஃபாதர் மிக்கேல்ராஜ் முன்னால் நின்றாள்.

“தோத்திரம் சாமி. இவரை எங்கயாச்சும் கொண்டுபோயி வச்சுக்கோங்க. இல்லேன்னா இந்த வயசுல நான் கன்னியர் மடத்துல போயிச் சேந்துருவேன்.”

இப்படித்தான் நான் கேம்பஸ் மினிஸ்ட்ரிக்கு வந்தேன். கேம்பஸ் மினிஸ்ட்ரி என்றால் பெரிய கட்டடம் என்று எண்ண வேண்டாம். சிற்றாலயத்தை ஒட்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் பாய்கள், ஒரு கிடார், ஒரு கேரம் போர்டு. இன்னொன்றில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்.

ஜூலையில் முதல் வருடப் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்த பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு எப்படி இருப்பார்கள் தெரியுமா? முகம் ஒவ்வொன்றும் ரயிலைத் தவறவிட்ட முகம். அந்த நேரத்துக்கு எங்கள் அறையில் சுண்டலும் பாட்டும் இருக்கும். சுண்டலுக்கு வந்தவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள், பாட்டுக்கு வந்தவர்கள் செபத்துக்கும் இருந்தார்கள். டவுன் பெண் ஷைனி வந்தாள். அவள் பேச ஆரம்பித்தால் ஃபேன்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். சேவுகம்பட்டியிலிருந்து முகேஷ்குமார் வந்தான். இந்துப் பையன், அப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். கேரம் ஆட வந்தவன், ஒரு வாரத்தில் பாய் விரிப்பதே தன் உரிமை என்று சண்டை போடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டான். ஆகஸ்டில் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொரு பேர்.

அந்த நாற்பத்தொன்றில் முதலாவதாகப் பெயர் கொடுத்தது ரொனால்டு. உண்மையில் பெயர் கொடுத்தது அவன் அம்மா. உயரம் ஆறடி, குரல் ஆறு அங்குலம். செருப்பு ஸ்டாண்டை ஒட்டிய கடைசிப் பாயில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பான். பழனிக்குப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரன், அதனால் எதற்கும் “சரிங்க”, “இல்லீங்க”. வகுப்பில் சிலர் அதையே பிடித்துக்கொண்டு “ஏனுங்க ரொனால்டு, சௌக்கியமுங்களா?” என்று சீண்டினார்கள். அவன் அந்த இரண்டு வார்த்தைகளையும் நிறுத்திக்கொண்டான். மிச்சம் பேச அவனிடம் ஒன்றும் இல்லை.

விஷயம் எங்களுக்குத் தெரியும். ஃபாதரிடம் அவன் அம்மா ஜெயமேரி சொல்லியிருந்தார். போன மாசியில் தோப்பில் பம்புசெட் ஸ்விட்சைப் போட்ட அப்பா, மின்சாரம் தாக்கி அங்கேயே போய்விட்டார். அன்றிலிருந்து பையன் கோயிலுக்கு வருவான், நிற்பான். வாயை மட்டும் திறக்க மாட்டான். ஒரு ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லி அந்த அம்மா கேட்டதில்லை. திருப்பூரில் மாமா ஒருவர் பனியன் கம்பெனியில் இடம் சொல்லி வைத்திருந்தார். மகனுக்கும் அம்மாவுக்கும் ஓர் ஒப்பந்தம்: செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் வரைக்கும் காலேஜில் இருந்து பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு திருப்பூர் பஸ்.

“இவன் படிப்பு எட்டாம் தேதி வரைக்குந்தானுங்க சாமி,” என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. காவல் தூதர் சீட்டு. ஆகஸ்ட் பதினைந்து அன்று கொடியேற்றமும் மாதா விண்ணேற்புப் பூசையும் முடிந்த கையோடு, புதுப் பிள்ளைகள் எல்லோரும் டப்பாவில் கைவிட்டு ஆளுக்கொரு பெயர் எடுப்பார்கள். எடுத்த பெயருக்கு அவர்தான் காவல் தூதர். அந்த ஆளுக்காகத் தினமும் ஒரு செபம் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் சின்னச் சின்ன உதவி செய்ய வேண்டும். யார் பெயர் வந்தது என்று ஈ எறும்புக்கும் சொல்லக் கூடாது. சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் கை நீட்டிச் சத்தியம். எட்டாம் தேதிதான் எல்லாம் வெளியே வரும்.

சீட்டு செய்வது என் பொறுப்பு. அதற்கும் ஒரு விதி உண்டு: செய்கிறவரும் பெயரைப் பார்க்கக் கூடாது. நான் விதி என்றால் விதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்டரில் எடுத்து, தடவித் தடவிக் கத்தரித்து, எழுத்து உள்ளே போகும்படி மடித்தேன். இரண்டு சீட்டோடு என் சட்டைப் பொத்தானும் கத்தரிபட்டது.

குலுக்கல் நடந்தது. பிரித்தார்கள். நாற்பது பேரும் ஒரே நொடியில் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தார்கள். மறுநொடி எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அங்கே பல்லி ஏதும் ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரொனால்டு தன் சீட்டைப் பிரித்தான், வெளிறினான், அடையாள அட்டை உறைக்குள் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் பையனுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ரோமம் சிலிர்க்கிறது.

மறுநாள் பையைத் திறந்தான்: கடலைமிட்டாய், ஒன்பது பொட்டலம். அதற்கு அடுத்த நாள் பேனா, பதினேழு. அவன் பெஞ்சைத் துடைத்துத் துடைத்து மரத்தின் ரேகை அழிந்துபோனது. கேன்டீனில் அவன் போய் நிற்பதற்கு முன்பே மேசையில் டீ ஆவி பறக்கக் காத்திருக்கும், ஐந்து டம்ளர். காலையில் ஹாஸ்டல் அறைக் கதவைத் திறந்தால் வாசலில் வரிசையாகப் பதினொரு வாளி சுடுதண்ணீர். மழையில் குடையில்லாமல் நடந்தான். வகுப்பு முடிந்து வருவதற்குள் அவன் செருப்புப் பக்கத்தில் ஆறு குடை. கொடியில் காயப்போட்ட சட்டை காணாமல் போகும், இஸ்திரி போட்டுத் திரும்பி வரும், மறுபடி காணாமல் போகும், மறுபடி வரும். ஒரே நாளில் ஏழு முறை இஸ்திரி கண்ட அந்தச் சட்டை கடைசியில் யாரும் போட்டுக்கொள்ளாமலே தானாக நின்றது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். துண்டுக் காகிதங்கள்தான் பயங்கரம். பிள்ளைகள் நல்லெண்ணத்தில் எழுதியவை. ஆனால் கையெழுத்து தெரியாமல் இருக்க எல்லோரும் இடது கையால் எழுதியிருந்தார்கள். கோணல்மாணலான எழுத்தில், பெயரில்லாமல், தினமும் முப்பது நாற்பது வந்தால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

‘நீ தனியாக நடக்கும்போதும் உன் பின்னால் நான் இருக்கிறேன்.’

‘நேற்று நீ அழுததைப் பார்த்தேன்.’

‘தூங்கும் முன் உன் பெயரைச் சொல்லாமல் நான் கண் மூடுவதில்லை.’

பையன் வகுப்புக்கு நடப்பதை விட்டு ஓட ஆரம்பித்தான். ஓடினால் பின்னால் நாலு பேர் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி அம்மாவுக்குப் போன் போட்டு அழுதான். இரண்டாம் தேதி காலை முதல் பஸ்ஸில் ஜெயமேரி வந்து இறங்கினார். கிராமத்தில் சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துப் பழகிய குரல். அந்தக் குரல் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டபோது என் கையிலிருந்த டீ டம்ளர் தானாகக் கீழே உட்கார்ந்தது.

“ஏனுங்க, செபம் பண்ற எடம்னு நம்பித்தானுங்க விட்டுட்டுப் போனேன். எம்பையனை என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? ராத்திரியெல்லாம் தூங்காம கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருச்சு. நாப்பது பேரு சேந்து ஒருத்தனை ராகிங் பண்ணுவாங்களா? எட்டாம் தேதியும் வேண்டாம், ஒம்பதாம் தேதியும் வேண்டாம். டி.சி.யைக் குடுங்க, கூட்டிட்டுப் போறேன்.”

ராகிங் என்ற சொல் காற்றில் கலந்ததும் மணிமேகலை மேடம் வந்துவிட்டார். புள்ளியியல் துறைத் தலைவர். ராகிங் தடுப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். காசைச் சுண்டிப் பூ விழுந்தால்கூட “இன்னொரு தடவை போடுங்க, அப்பறம் பாக்கலாம்” என்கிறவர். எங்கள் பாய் அறையிலேயே மேசை போட்டு விசாரணை ஆரம்பித்தார். ஜெயமேரி ஒரு பக்கம், தலை குனிந்த ரொனால்டு அவர் பக்கத்தில், வியர்த்து வழியும் ஃபாதர் ஒரு பக்கம், சாட்சியாக நான்.

ரொனால்டைச் சுற்றித் திரிந்ததாக வகுப்பிலும் ஹாஸ்டலிலும் கைகாட்டிய பதினோரு பேரை வரிசையாகக் கூப்பிட்டார். முதலில் ஷைனி.

“இந்தக் காகிதத்தை எழுதினது நீயா?”

“ஆமா மேடம்.”

“எதுக்கு எழுதின?”

“சொல்ல மாட்டேன் மேடம்.”

நாள் முழுக்கப் பேசுகிற பெண் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்தது.

“ஏன் சொல்ல மாட்ட?”

“சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்.”

“யாருகிட்ட?”

ஷைனி விரலை மேலே காட்டினாள். மேடம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

“மாடியில யாரு? மூணாம் வருசப் பசங்களா?”

அடுத்து முகேஷ்குமார்.

“அந்தப் பையன் சட்டையை எதுக்குத் திருடுன?”

“அயர்ன் பண்ண மேடம்.”

“எத்தனை தடவை?”

“மூணு நாளாப் போறேன் மேடம். நான் போறப்பல்லாம் எவனோ முன்னாடியே அயர்ன் பண்ணி வச்சிர்றான். அவன் யாருன்னு தெரிஞ்சா நானே சும்மா விட மாட்டேன்.”

“எதுக்கு அயர்ன் பண்ணணும்?”

“அது சொல்ல முடியாது மேடம். சத்தியம்.”

மூன்றாவது பிள்ளை: சொல்ல மாட்டேன், சத்தியம். நான்காவது: சொல்ல மாட்டேன், சத்தியம். பதினோராவது வரைக்கும் அதே இரண்டு சொல். மேடம் பேனாவை மூடினார்.

“ஃபாதர், பதினோரு பேரும் ஒப்பிக்கிற மாதிரி ஒரே பதில். பின்னாடி யாரோ இருக்காங்க. மொத ரெண்டு பேருக்கு இன்னிக்கே சஸ்பென்ஷன் எழுதுறேன். மத்ததைக் குழு முடிவு பண்ணட்டும். அந்தப் பையனுக்கு டி.சி. கையெழுத்தாகட்டும்.”

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பதினோரு பேர் ஒரே பையனைச் சுற்றினால், அந்தப் பதினோரு பேருக்கும் அவன் பெயர் எப்படி வந்தது? அடுத்த அறைக்கு ஓடினேன். டிராயரைத் திறந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். கம்ப்யூட்டரில் சீட்டு ஃபைலைத் திறந்தேன்.

ரொனால்டு. ரொனால்டு. ரொனால்டு. மேலிருந்து கீழே வரைக்கும் நாற்பத்தொரு ரொனால்டு, ராணுவ அணிவகுப்பு மாதிரி.

நடந்தது இதுதான். எக்செல்லில் வரிசை எண் போடுவதற்கு ஒரு சுலபம் உண்டு. ஒன்று, இரண்டு என்று அடித்துவிட்டு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் நாற்பத்தொன்று வரைக்கும் அதுவாகவே போட்டுக்கொள்ளும். எண்ணுக்கே இம்புட்டு அறிவாக இருக்கிற மிஷின், பெயருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். முதல் பெயரை அடித்தேன், மூலையைப் பிடித்தேன், இழுத்தேன். அடுத்தவன் முகேஷ்குமார் என்பது அம்பதாயிரம் ரூபாய் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா என்ன? தெரியவில்லை. சரிபார்த்திருக்கலாம். ஆனால் பார்ப்பது பாவம் என்று கண்ணாடியைப் பூட்டி வைத்தவன் நான்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து, எல்லோர் முன்னிலையிலும் நெஞ்சில் அறைந்துகொண்டு சொல்லிவிட்டேன். “மேடம், பிள்ளைகள் மேல தப்பே இல்ல. தப்பு பண்ணது நான். எல்லாச் சீட்டுலயும் ரொனால்டு பேரையே போட்டுட்டேன்.”

முப்பத்துநாலு வருடத்தில் நான் சொன்ன முதல் முழு உண்மை அது. மேடம் சிரித்தார்.

“பாக்கியராஜ் சார், உங்க வழியனுப்பு விழாவுல, சர்வீஸ்ல ஒரு நாள்கூட லீவு போட்டதில்லன்னு பேசுனீங்க. உங்க மக கல்யாணத்துக்கு நான் வந்திருக்கேன். அன்னிக்கு வேலை நாள்.”

“மேடம், அது வேற. இது சத்தியம்.”

“இன்னொரு சத்தியமா? நாப்பத்தொரு சீட்டுலயும் ஒரே பேரு வர்றதுக்கு வாய்ப்பு எவ்வளவு தெரியுமா?” ஒரு தாளை எடுத்துப் புள்ளி வைத்துச் சுழியாகப் போட ஆரம்பித்தார். தாள் முடிந்தது, சுழி முடியவில்லை. “அதுவும் முப்பத்துநாலு வருசம் ஒரு கமா தப்பாப் போடாத ஆளு நீங்க. பசங்களைக் காப்பாத்த ரீல் விடாதீங்க.”

என் வாழ்நாளில் முதன்முதலாக என் திறமையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஃபாதர் எழுந்தார். “வாங்கின சத்தியத்தை நானே திருப்பிக் குடுக்குறேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க. சீட்டைப் பிரிங்க.”

நாற்பது பேரும் வந்து நின்றார்கள். ஷைனி முதலில் பிரித்தாள்.

“ரொனால்டு.”

“ஏய்,” என்றான் முகேஷ், “ரொனால்டு எனக்குல்ல வந்தான்?”

“ஏலே, என் ஆளுலே அவன்!” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

“போடா, பத்தொம்பது நாளா அவனுக்கு நான் செபம் பண்ணிக்கிட்டிருக்கேன்!”

“அப்ப வாளியில சுடுதண்ணி ஊத்துனது நீயா?”

“நீதானா அந்த அயர்ன்காரன்? செத்த நேரம் வெளிய வா, பேசிக்கிறேன்.”

ஒவ்வொரு சீட்டாகப் பிரிந்தது. ரொனால்டு, ரொனால்டு, ரொனால்டு. சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசிச் சீட்டு பிரிந்தபோது அதிலும் ரொனால்டு. ஜெயமேரியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரிக்க, அறையே குலுங்கியது. சிற்றாலயத்தின் மணி தானாக ஒரு முறை அடித்தது என்றுகூட நான் சொல்வேன். ஃபாதர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிரிப்பு அடங்கும்போது ஷைனி மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப எனக்கு யாரு?”

கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தெனமும் பையைத் தலைகீழாக் கொட்டிப் பாப்பேன். ஒரு முட்டாய்க் காகிதம்கூட இருக்காது. என் பேரு வந்த ஆளுக்கு என்னைப் பிடிக்கலபோல, நான் ரொம்பப் பேசுறேன்லன்னு நெனச்சேன்.”

இன்னொரு பிள்ளை, “எனக்கும் ஒண்ணும் வரல,” என்றாள். “எனக்கும்.” “எனக்கும்தான்.” நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது நாள் ஒரே பையனைத் தாங்கித் தாங்கி மூச்சு முட்ட வைத்த நாற்பது பேருக்கும், ஒருத்தருக்குக்கூட ஒருத்தர் இல்லை. ஒருவரும் அதை வெளியே சொல்லவில்லை. சத்தியம்.

முகேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நான் இந்துப் பையன்ல. என் பேரு வந்தவுக அதான் சும்மா இருந்துட்டாகன்னு நெனச்சேன்.”

ஃபாதர் அவன் பக்கம் திரும்பினார். “அப்படி நெனச்சும் ஏன் அப்பு தெனமும் வந்த?”

“நான் வரலேன்னா ரொனால்டுக்கு வேற யாரு சாமி இருக்கா?”

நான் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததற்கு நாற்பது பிள்ளைகள் பத்தொன்பது நாள் வெறும் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் பெருமை அடித்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.

அப்போது ரொனால்டு எழுந்தான். ஆறடியும் முழுதாக நிமிர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடையாள அட்டை உறையிலிருந்து தன் சீட்டை எடுத்து மேடத்தின் மேசையில் வைத்தான். வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது. அதிலும் அதே பெயர்.

“எனக்கு எம்பேரேதானுங்க வந்துச்சு,” என்றான். “உனக்கு நீதாண்டா, வேற ஆளில்லைன்னு ஆண்டவரே சொல்லிட்டாருன்னு நெனச்சனுங்க. ஆனாச் சத்தியம் பண்ணியாச்சு. அதனால அன்னிக்கே சொன்னனுங்க: ஆண்டவரே, இந்த ரொனால்டைக் கொஞ்சம் பாத்துக்குங்கன்னு. அப்பா போனதுக்கப்பறம் நான் சொன்ன மொதச் செபமுங்க.”

ஜெயமேரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயா? நீ செபம் சொன்னியா கண்ணு?”

“தெனமுங்கம்மா. மொத நாளு சொன்னேன், அடுத்த நாளே பை நெறையக் கடலைமுட்டாயி. அடுத்த நாளு சொன்னேன், பேனா. குளுருதுன்னு நெனச்சேன், வாசல்ல சுடுதண்ணி. நீ அழுததைப் பாத்தேன்னு காகிதம். நான் கதவைச் சாத்திக்கிட்டுல்லங்க அழுதேன்! இம்புட்டு வேகமாக் கேட்டா யாருக்குங்க பயம் வராது? ராகிங்னு நான் சொல்லவே இல்லீங்க மேடம். யாரோ என்னையப் பாத்துக்கிட்டே இருக்காங்கன்னுதான் போன்ல சொன்னேன். அம்மாதான் அப்படி நெனச்சுட்டாங்க.”

“அந்தக் காகிதம் நான் எழுதுனது,” என்றாள் ஷைனி. “அன்னிக்கு வகுப்புல உன் கண்ணு செவந்திருந்துச்சு. அதான்.”

ரொனால்டு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பத்தொன்பது நாளாகத் தன் பின்னால் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லோரும் அவன் சிரிப்பான் என்று காத்திருந்தார்கள். அவன் அழுதான். முகேஷ் போய்த் தோளில் கை போட எக்கிப் பார்த்தான், எட்டவில்லை, இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

ஜெயமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இவன் செபம் சொன்னதே எனக்குப் போதுங்க. சரி கண்ணு, இனி உன் இஷ்டம். பெட்டியைக் கட்டி வெச்சிருக்கேன். போறதா, இருக்கறதா?”

அந்த அறையில் அப்போது நாற்பது இதயங்கள் அடித்துக்கொண்ட சத்தம் மலைக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

“நாப்பது பேருங்கம்மா,” என்றான் ரொனால்டு. “ஒருத்தருக்கும் ஒருத்தரும் இல்லாம பத்தொம்பது நாளு இருந்திருக்காங்க. எட்டாம் தேதிக்கு ஆறே நாளுதான் இருக்கு. ஒரு நாளைக்கு ஏழு பேருக்குன்னு நான் தூதரா இருந்தாத்தான் முடியும். திருப்பூருக்கு எங்கிருந்துங்கம்மா போறது?”

“ஏழாறு நாப்பத்திரண்டு,” என்றான் முகேஷ். “ரெண்டு மிச்சம் வருதுலே.”

“மிச்சம் ரெண்டு பாக்கியராஜ் சாருக்கும் மேடத்துக்குமுங்க.”

இந்த முறை அவனும் சிரித்தான். “ஏனுங்க ரொனால்டு!” என்று யாரோ கத்தினார்கள். “சொல்லுங்க!” என்று திருப்பிக் கத்தினான், குரல் ஆறு அங்குலத்திலிருந்து ஆறு மைலுக்குப் போயிருந்தது. ஜெயமேரி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஹாஸ்டல் அறையில் திரும்ப வைத்துவிட்டு, அங்கே நின்ற பதினொரு வாளிகளையும் ஒழுங்காக அடுக்கிவிட்டு, பதினோரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகும் மேடம் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். சஸ்பென்ஷன் தாளைக் கிழித்தாகிவிட்டது. ஆனாலும் புருவம் இறங்கவில்லை.

“ராகிங் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா ஒரு மூலையை இழுத்ததுக்கு இம்புட்டும் நடந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை நான் நம்ப மாட்டேன். எங்க, என் முன்னாடி பண்ணுங்க.”

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ரொனால்டு என்று அடித்தேன். மூலையைப் பிடித்து இழுத்தேன். நாற்பத்தொரு ரொனால்டு.

“இன்னொரு தடவை. வேற பேரு.”

முகேஷ்குமார் என்று அடித்து இழுத்தேன். நாற்பத்தொரு முகேஷ்குமார்.

“தள்ளுங்க.” தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். மூலையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். மணிமேகலை, மணிமேகலை, மணிமேகலை. திரை முழுக்க அவர் பெயர். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அது ஒரு சாதனைதான். யாரோ நாற்பத்தொரு பேர் வரிசையாக நின்று தன் பெயரைச் சொல்வதைக் கேட்பவர் மாதிரி அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுழிகள் போட்ட தாளை நாலாக மடித்தார்.

“நடக்கவே நடக்காத விஷயம் சார்,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா நடந்திருக்கு.”